முன்னாள் கவுன்சிலர் எதை எழுதலாம், எப்படி எழுத வேண்டும்?

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் 2020 முதல் 2025 வரை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராக இருந்தேன். இப்போது தினமும் காலையில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் என் கருத்தை எழுதி வருகிறேன். குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனது என்று நாட்டு நடப்பும் வீட்டு நடப்பும் கலந்து இருக்கும். போன மாதம், “போர் மோட்டாருக்குக் காயில் கட்ட 48,000 ரூபாய் பில். ஊராட்சிச் செயலர் பணத்தைத் தின்றுவிட்டார்” என்று எழுதினேன். அவர் மானநஷ்ட வழக்குப் போடுவேன், ஸ்டேஷனில் புகார் கொடுப்பேன் என்கிறார். ஒன்றிய ஆபீசில் கணக்குக் கேட்டால், “நீங்கதான் இப்ப மெம்பர் இல்லையேம்மா” என்கிறார்கள். கிராம சபையில் பேசவாவது எனக்கு உரிமை இருக்கிறதா? பேசாமல் எழுதுவதை விட்டுவிடட்டுமா? (வாசகி, வயது 52)

பதில்: விட்டுவிட வேண்டாம் அம்மா. ஐந்து வருடம் ஒன்றியக் கூட்டத்தில் உட்கார்ந்து, மதிப்பீடு, தீர்மானம், வவுச்சர் எல்லாம் பார்த்துப் பழகிய ஒருவர் ஊர்க் காரியத்தைப் பற்றி எழுதுவது ஊருக்கு மிகவும் வேண்டியது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். “48,000 ரூபாய்க்குப் பில் இருக்கிறது” என்பது தகவல். “இவ்வளவு ஆகுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது” என்பது உங்கள் கருத்து. இரண்டையும் தாராளமாக எழுதலாம். “தின்றுவிட்டார்” என்பதோ பெயர் தெரிந்த ஒரு மனிதர் மேல் வைக்கும் திருட்டுக் குற்றச்சாட்டு. அதை எழுதும்போது கையில் காகிதம் இருந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மோட்டார் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். காயில் கட்டும் (எரிந்த மோட்டாரின் உள்சுற்றுக் கம்பியை மாற்றிச் சுற்றும்) கடையில் விசாரித்தால் அந்தக் கடைக்காரர் காயில் கட்டும் கூலியையும் செம்புக் கம்பி விலையையும் மட்டும்தான் சொல்வார். ஊராட்சி பில்லில் அதோடு மற்றவையும் சேர்ந்திருக்கும். போரிலிருந்து (ஆழ்துளைக் கிணற்றிலிருந்து) மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி, பழுதான பைப்புக்குப் பதில் புது பைப், கேபிள், பேரிங், பேனல் போர்டு வேலை, கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த வண்டி வாடகை. 300 அடியில் மோட்டார் இறக்கியிருந்தால் 20 அடி பைப் 15 கழற்ற வேண்டும், மறுபடி 15 மாட்ட வேண்டும். ஆகவே மொத்தத் தொகையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் நியாயமான பில்லும் திருட்டுப் பில் மாதிரி தெரியும். திருட்டுப் பில்லும் தப்பித்துவிடும்.

மொத்தத்தை விட்டு உள்ளே பாருங்கள். பில்லில் மாற்றியதாகக் காட்டிய பைப்புகளின் நீளம் போரின் ஆழத்தைவிட அதிகமா? பில் தேதி மோட்டார் பழுதான தேதிக்கு முந்தியதா? கழற்றிய பழைய கேபிளும் பைப்பும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா? அதே மோட்டாருக்குச் சில மாதங்களுக்குள் மறுபடி காயில் கட்டியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஒரே மோட்டார் வருடத்தில் மூன்று தடவை எரிகிறது என்றால், பல இடங்களில் காரணம் பேனல் போர்டில்தான் இருக்கும். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டாரை நிறுத்த வேண்டிய ப்ரிவென்டர் வேலை செய்யாமல் இருக்கும், அல்லது அவசரத்துக்கு யாரோ அதை பைபாஸ் செய்து வைத்திருப்பார்கள். தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலும், வோல்டேஜ் குறைந்தாலும் காயில் போகும். “வருடத்துக்கு மூன்று தடவை காயில் கட்டுகிறோமே, ப்ரிவென்டரைச் சரிசெய்தார்களா?” என்று நீங்கள் எழுதினால் அந்த ஒரு கேள்வியே ஊராட்சிப் பணத்தை மிச்சப்படுத்தும். யார் மனமும் நோகாது, வழக்கும் வராது.

“மெம்பர் இல்லையே” என்று ஆபீசில் சொன்னது சட்டப்படி பொருந்தாத பதில். 2005-ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் எல்லோருக்கும் பொது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்கம் தரவும் தேவையில்லை என்று அதன் பிரிவு 6(2) சொல்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, “பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம் (கிராம ஊராட்சி)” என்று முகவரியிட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதில் தர 30 நாள். வராவிட்டால், அல்லது வந்த பதில் அரைகுறையாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். ஆவணத்தை நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தில்தான். “ஏன் இவ்வளவு செலவு செய்தீர்கள்?” என்று கேட்டால், “விளக்கம் தருவது தகவல் ஆகாது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: “இன்ன குக்கிராமத்தின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது நீக்கம் தொடர்பாக, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உள்ள மதிப்பீடு, அனுமதி ஆணை, செலவுச் சீட்டு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கம், இருப்புப் பதிவேட்டின் உரிய பக்கம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்.” இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஒரு மனுவில் ஒரு வேலை மட்டும். பத்து வருடக் கணக்கை ஒரே மனுவில் கேட்டால் அவர்களுக்குத் தட்டிக்கழிக்கக் காரணம் கிடைத்துவிடும். ஆட்களின் வங்கிக் கணக்கு, ஆதார், சொந்த விவரம் எதையும் கேட்காதீர்கள். 2023-ஆம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-வைத் திருத்தியிருப்பதால், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இப்போது முன்பைவிட எளிது.

மனு போடாமலே பார்க்கக்கூடியதும் நிறைய உண்டு. இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஊராட்சி வாரியாகத் திட்டமும் வரவு செலவும் இருக்கின்றன. கிராம சபை நடக்கிற இடத்தில் படிவம் 30 என்ற ஆண்டுக் கணக்கைப் பேனராகவே வைக்க வேண்டும் என்பது ஆட்சியர்களின் வழக்கமான அறிவுறுத்தல். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண் 1 பொது நிதி, 2 மின் கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும், 3 திட்ட நிதி என்று நீங்கள் அறிந்ததுதான். ஆனால் உங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. எந்தக் கணக்கிலிருந்து போன பணம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இனி வழக்குப் பயம். அவதூறு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-இல் வருகிறது. இரண்டு வருடம் வரை வெறுங்காவல் (கடும் உழைப்பு இல்லாத சிறை), அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஆனால் இதில் போலீஸ் நேராக எஃப்ஐஆர் போட்டுக் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 223-இன்படி, அந்தப் புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். ஸ்டேஷன் என்று சொன்னதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று நம் மாநிலத்திலிருந்தே போயிருக்கிறது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பாக ‘நக்கீரன்’ ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர முடியாது. ஓர் அரசு அலுவலர் தன் அலுவல் கடமை தொடர்பான விமரிசனத்துக்காக நஷ்டஈடு கேட்டால், எழுதியவர் உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினார் என்று காட்ட வேண்டும். நியாயமான அளவு விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன் என்று எழுதியவர் காட்டினால் போதும். எழுதியது சரி என்று நிரூபிக்கும் பாரம் அவர் மேல் இல்லை. இந்த “நியாயமான விசாரணை”தான் உங்களிடம் இல்லாமல் போனது. தகவல் மனு, அதன் தபால் ரசீது, கிடைத்த நகல், மோட்டார் கடையில் வாங்கிய விலைப்பட்டியல் எல்லாம் நீங்கள் விசாரித்ததற்குச் சாட்சி. இந்தத் தீர்ப்பு நஷ்டஈட்டு வழக்குக்குத்தான் பேசுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். குற்ற வழக்கில் 356-இன் விதிவிலக்குகளைக் காட்ட வேண்டியிருக்கும்: பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, பொது ஊழியரின் அலுவல் நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து. நஷ்டஈட்டு வழக்குக்குக் கால வரம்பு ஒரு வருடம், குற்றப் புகாருக்கு மூன்று வருடம். எனவே எந்தக் காகிதத்தையும் மூன்று வருடம் முடியாமல் தூக்கிப் போடாதீர்கள்.

உண்மையில் போலீஸ் நேராக வரக்கூடியது வேறு இடத்தில். சாதி, மதத்தை இழுத்து எழுதினால் அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 196 பாயும். பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். “இன்ன தெருக்காரர்கள்தான் தண்ணியைத் திருடுகிறார்கள்” என்ற வரி, எழுதும்போது தண்ணீர்ப் பிரச்சினை மாதிரித்தான் தோன்றும். ஊரில் தெரு பெயர் என்றால் சாதி பெயர்தானே. அப்படி ஒரு வரியை எந்தக் கோபத்திலும் எழுதாதீர்கள். குழாய் வால்வு எண்ணையும் திறந்துவிடும் நேரத்தையும் எழுதுங்கள்.

கிராம சபைக்கு வருகிறேன். 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். பதவி போனாலும் அந்த உறுப்பினர் தகுதி போகவே போகாது. 2022 முதல் வருடத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம் நடந்தாலும் கிராம சபை நடந்தாக வேண்டும். குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்த ஆள் எண்ணிக்கை) மக்கள்தொகைப்படி: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

இங்கே நடக்கும் தவறு உங்களுக்கே தெரியும். வந்ததும் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும், எழுதியது என்ன என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு முன்பே உங்கள் கோரிக்கையை இரண்டு நகலில் எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். கூட்டம் முடியும்போது, “தீர்மானத்தை வாசியுங்கள்” என்று எழுந்து கேளுங்கள். தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் விட்டிருந்தால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். மறுநாள் காலை உங்கள் குழுவில் போட அதைவிட நல்ல செய்தி கிடையாது.

நாட்டு நடப்பு எழுதும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். தேர்தல் தள்ளிப்போனது பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள், அதற்கு அரசமைப்பே துணை. பிரிவு 243-இ, ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்து வருடம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து 2020 ஜனவரி 6-இல் பதவி ஏற்றீர்கள், 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது, அவர்கள் காலம் வேறு. “தமிழ்நாடு முழுக்க மன்றம் கலைந்துவிட்டது” என்று 2025-இல் எழுதியிருந்தால் அது தவறு. தென்காசிக்காரர் ஒருவர் உடனே திருத்தியிருப்பார். 2016-இலும் தேர்தல் நின்று 2019 முடியும் வரை தனி அலுவலர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது ஒரு கட்சியின் மேல் மட்டும் பழி போடுவதாக யாரும் சொல்ல முடியாது.

“டெல்லிப் பணம் வரவில்லை” என்பது பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதி ஆணைய மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உள்ள ஊராட்சிக்குத்தான் என்று இருந்தது. தேர்தல் நடத்தாததற்கும் தெருவில் வேலை நின்றதற்கும் உள்ள நேரான கயிறு இதுதான், இதை யாரும் மக்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. அந்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டதாக இருந்தது. மீதி 40-ஐத்தான் உள்ளூர்த் தேவைக்கு எடுக்க முடிந்தது, அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. இதைத் தெரிந்துகொண்டால், “அந்தப் பணத்தில் சமுதாயக் கூடம் ஏன் கட்டவில்லை” என்று கேட்கத் தோன்றாது.

நூறு நாள் வேலையில் அடிக்கடி வரும் வாதம் கூலி. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு 319 ரூபாய், 2025-26-இல் 336. கைக்கு வந்தது குறைவாக இருந்தால் உடனே “பிடித்துக்கொண்டார்கள்” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மண் வேலையில் ஓவர்சியர் அளந்த கன அளவுக்கு ஏற்பத்தான் குழுவின் கூலி கணக்காகும். கெட்டியான மண்ணை இளகிய மண் என்று எழுதினாலே கூலி இறங்கிவிடும். ஆகவே பார்க்க வேண்டியது அளவுப் புத்தகத்தில் மண் வகை என்ன என்பதும், என்.எம்.ஆரில் (வருகைப் பட்டியலில்) வராத ஆளுக்கு வருகை விழுந்திருக்கிறதா என்பதும். இல்லாத ஆளுக்குக் கூலி பிரிந்தால் இருக்கிறவர்களுக்குக் குறையும், திருட்டு இருந்தால் அங்கேதான் இருக்கும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் நிறைவேறுவது ஒன்று, உங்கள் மாவட்டத்தில் நடைமுறைக்கு வரும் தேதி வேறொன்று. அரசிதழ் அறிவிப்பைப் பார்த்த பிறகே “வந்துவிட்டது” என்று எழுதுங்கள். முதலமைச்சர் அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவிலும் இதே இடைவெளி உண்டு.

தண்ணீர் பற்றி எழுதும் நாளில் ஒரு குடமும் கடிகாரமும் போதும். தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. 30,000 லிட்டர் தொட்டியை நாளுக்கு இரண்டு தடவை நிரப்பினால் 60,000 லிட்டர், அதாவது சுமார் 1,090 பேருக்கு. உங்கள் குக்கிராமத்தில் 1,500 பேர் இருந்தால், டேங்க் ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை, இரண்டாவது தொட்டியோ மூன்றாவது நிரப்பலோ வேண்டும். பதினைந்து லிட்டர் குடம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று தெருத் தலைப்பிலும் கடைசி வீட்டிலும் பார்த்து எழுதுங்கள். தலைப்பில் ஒரு நிமிடமும் கடைசியில் ஆறு நிமிடமும் ஆனால், நடுவில் யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், அல்லது வால்வு சரியில்லை. தொட்டி மாதம் இருமுறை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுவப்பட வேண்டும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் 30,000 லிட்டருக்கு 120 கிராம். வீட்டுக் குழாயில் குளோரின் குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) நிற்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் பரிசோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வரவே இல்லை என்றால், அன்றைக்கு எழுத வேண்டியது அதைத்தான். மற்ற எந்தக் கருத்தும் அடுத்த நாள் வரை பொறுக்கும்.

தெருவிளக்கும் சாலையும் சுருக்கமாக. கம்பம் மின்வாரியத்தினது, விளக்கு ஊராட்சியினது. கம்பி அறுந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, பல்பு போனால் ஊராட்சி. இரண்டுக்கும் கம்ப எண் வேண்டும். சாலை என்றால் முதலில் அது ஒன்றியச் சாலையா நெடுஞ்சாலைத் துறைச் சாலையா என்று தெரிந்துகொண்டு குறை சொல்லுங்கள்.

உங்கள் பெயருக்கு முன்னால் “முன்னாள்” என்பதை ஒருபோதும் விடாதீர்கள். பழைய லெட்டர்பேடில் “ஒன்றியக் கவுன்சிலர்” என்று அச்சிட்டு மீதி இருந்தால் அதில் ஒருவருக்கும் சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டாம், முத்திரையும் வைக்க வேண்டாம். பதவியில் இருப்பதாகக் காட்டி அந்தப் பெயரில் காரியம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 204-இல் குற்றம், குறைந்தது ஆறு மாதச் சிறை. உதவி கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அதில் அவர்கள் கையெழுத்துப் போடட்டும்.

கடைசியாக அந்த வரி. அழித்துவிட்டுச் சும்மா இருந்தால் பயந்துவிட்டதாக ஒரு பக்கம் பேசுவார்கள், அவர் மேல் விழுந்த கறையும் அப்படியே இருக்கும். எந்தக் குழுவில் எழுதினீர்களோ அதே குழுவில், அதே காலை நேரத்தில் இப்படிப் போடுங்கள்:

“இன்ன தேதியில் மோட்டார் பழுது பற்றி எழுதியபோது ஊராட்சிச் செயலர் பணத்தை எடுத்துக்கொண்டதாகக் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த வாசகத்தைத் திரும்பப் பெறுகிறேன், அவரிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். 48,000 ரூபாய் செலவின் விவரம் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்று மனு அனுப்பியிருக்கிறேன். நகல் கிடைத்ததும் முழுவதையும் இங்கே வெளியிடுவேன்.”

மனுவை உண்மையிலேயே அன்று அனுப்பிவிட்டு, தபால் ரசீதின் படத்தையும் அதோடு போடுங்கள். செயலருக்கு ஒரு நகலைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.